கோழிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும்

இடம்பெயர்ந்து வந்து புதிய வளவொன்றில் குடியமரும் குடும்பம், வயலும் தோட்டமும் பலன் தரும் முன்னரே தொடங்கக்கூடிய முயற்சி கோழி வளர்ப்பு. நான்கைந்து பேடுகள் இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சுவது கைச்செலவுக்கு உதவும். ஆனால் இரண்டு வீட்டுக் கோழிகளை ஒரே கூட்டில் அடைத்தவுடன் சண்டை மூளுவதை நாம் பல வளவுகளில் கண்டிருக்கிறோம். அடிபட்ட பேடு மூலையில் ஒதுங்கும்; தீன் தின்னாது; முட்டையும் இடாது.

இதற்குக் காரணம் என்ன? எது எதைக் கொத்தலாம், எது முதலில் தின்னலாம் என்ற ஒழுங்கு கோழிகளிடையே உண்டு. நோர்வே நாட்டவரான ஷெல்டரப் எப்பே என்பவர் இதனை ஆராய்ந்து 1922இல் எழுதினார். புதிய கோழி ஒன்று வந்தாலும், பழையது ஒன்று போனாலும் அந்த ஒழுங்கு குலைகிறது. சண்டையிட்டே அது மீண்டும் அமைகிறது. ஆகவே சிறு கொத்தலில் நாம் தலையிட வேண்டியதில்லை. இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும். காயத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் அதையே கொத்தும்.

யாரைப் பிரிப்பது? காயப்பட்ட பேட்டைத் தூர வைத்தால், சில நாட்களில் மற்றவைக்கு அது அந்நியமாகிவிடும். திரும்பி வரும்போது மீண்டும் அடி விழும். எனவே காயத்தைக் கழுவி மஞ்சள் பூசி, மற்றவை மேயும் முற்றத்திலேயே நிழலான இடத்தில் கரப்பால் மூடி வையுங்கள். தண்ணீரும் தீனும் உள்ளே இருக்கட்டும். கொத்தித் திரியும் முரட்டுக் கோழியையோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான்கைந்து நாட்கள் அடையுங்கள். திரும்பி வரும்போது அதன் பழைய அதிகாரம் குறைந்திருக்கும்.

ஒன்றாக வளர்ந்த இரண்டு பேடுகள் சிலவேளை சேர்ந்தே மேயும். அப்படியானவற்றில் ஒன்றைப் பிரித்தால் மற்றது கத்திக்கொண்டு தேடித் திரியலாம், தீனும் குறையலாம். இயன்றால் இரண்டையும் ஒரே கரப்பில் வையுங்கள். புதிதாக வாங்கும்போதும் ஒன்றை மட்டும் வாங்காது இரண்டாக வாங்குவது நல்லது. தனியே வருவதுதான் எல்லா அடியையும் வாங்குகிறது.

நோய்க்குறி உள்ள கோழிக்கு இந்த முறை பொருந்தாது. அதை மற்றவையிலிருந்து முற்றாக ஒதுக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவற்றையும் முதல் இரண்டு கிழமைகள் புறம்பாக வைத்துக் கவனியுங்கள்.

சேர்க்கும்போது அவசரம் வேண்டாம். ஒரு கிழமை ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பின்னர் மாலையில், கூடு அடையும் நேரத்தில் உள்ளே விடுங்கள். மறுநாட் காலை சற்று நேரம் அருகில் நின்று கவனியுங்கள்.

சண்டையைக் குறைக்க இன்னும் சில வழிகள் உண்டு. தீனை ஒரே இடத்தில் கொட்டாது, மூன்று நான்கு சிரட்டைகளில் தள்ளித் தள்ளி வையுங்கள். பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். கூட்டில் நெருக்கம் கூடாது. துரத்தப்படும் கோழி ஒதுங்குவதற்கு வளவில் ஒரு பற்றையோ, சாய்த்து வைத்த கிடுகோ இருக்கட்டும்.

பலவீனமான கோழியும் பயமின்றித் தின்னும் வளவில்தான் முட்டை குறையாது.