அத்தீனாவின் அறிவும் போரும்: ‘மெட்டிஸ்’ என்னும் கருத்தாக்கம்

திறவுச்சொற்கள்: அத்தீனா, மெட்டிஸ், ஹோமர், ஹெசியோட், சூழ்ச்சி

முன்னுரை

கிரேக்கத் தொன்மங்களைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் அத்தீனாவை ‘ஞானத்திற்கும் போருக்கும் உரிய தெய்வம்’ எனக் குறிப்பிடுவதுண்டு. மன அமைதியோடு எண்ணப்படும் ஞானமும் அழிவைத் தரும் போரும் ஒரே தெய்வத்திடம் எவ்வாறு பொருந்தின என்னும் வினா இங்கு எழுகிறது. இவை முரண்பட்ட இரு பண்புகள் அல்ல. ‘மெட்டிஸ்’ என்னும் ஓர் ஆற்றலின் இரு வெளிப்பாடுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்புத் தொன்மமும் மெட்டிஸும்

ஹெசியோடின் ‘தியோகொனி’ ஜீயஸின் முதல் மனைவியின் பெயர் மெட்டிஸ் என்கிறது. அவளுக்குப் பிறக்கவிருக்கும் மகன் தன் ஆட்சியைக் கைப்பற்றுவான் என்று அஞ்சிய ஜீயஸ், கருவுற்றிருந்த அவளை விழுங்கிவிடுகிறார். பின்னர் அவர் தலையிலிருந்து அத்தீனா தோன்றுகிறாள்.

கிரேக்க மொழியில் ‘மெட்டிஸ்’ பொதுச்சொல்லாகவும் வழங்கியது. நிலைமையை உணர்ந்து, வழிகண்டு, உரிய காலத்தில் செயற்படும் நுண்ணறிவு என்பது அதன் பொருள். மார்செல் டெத்தியன், ழான்-பியர் வெர்னான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட நூல் இக்கருத்தாக்கத்தை விரிவாக ஆராய்ந்தது. நெசவும் தச்சும் அத்தீனாவுக்கு உரியனவாகக் கருதப்பட்டமைக்கும் இதுவே அடிப்படை எனலாம்.

காப்பியச் சான்றுகள்

‘இலியட்’டின் முதற்பகுதியில் அகமெம்னானைக் கொல்ல வாளை உருவும் அக்கிலீஸின் தலைமுடியைப் பற்றி அத்தீனா தடுக்கிறாள். ஐந்தாம் பகுதியில் டயோமிடீஸின் ஈட்டியைச் செலுத்தி, போர்வெறியின் வடிவான ஏரிஸையே காயப்படுத்துகிறாள். சினத்தை அடக்கும் அறிவே அவளது போர்முறை என்பது இவற்றால் புலனாகிறது.

எனினும் இவ்வறிவை அறம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இருபத்திரண்டாம் பகுதியில் ஹெக்டரின் தம்பி டெய்ஃபோபஸின் உருவில் வந்து, துணைநிற்பதாக நம்பவைத்து, அவனை அக்கிலீஸின் கையில் சாகவிடுகிறாள். ‘ஒடிஸி’யின் பதின்மூன்றாம் பகுதியில் ஒடிசியஸ் புனைந்துரைக்கும் பொய்யைக் கேட்டுப் புன்னகைக்கிறாள்.

கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகத்தில் அதே ஆற்றல் நகரத்தின் நன்மைக்குப் பயன்படுகிறது. தாயைக் கொன்ற ஒரெஸ்டஸை விசாரிக்க அவள் நீதிமன்றம் நிறுவுகிறாள். அவன் விடுதலை பெற்றதும், சினமுற்ற பழிவாங்கும் தெய்வங்களைச் சொல்வன்மையால் இணங்கவைக்கிறாள்.

தமிழ்ச்சொல் தேர்வு

‘ஞானம்’ தமிழில் மெய்யுணர்வு, துறவு ஆகியவற்றோடு நெருங்கிய சொல். ஆகவே அது ஹெக்டரை வஞ்சித்த அத்தீனாவை மறைத்துவிடுகிறது. ‘சூழ்ச்சி’ என்பதோ திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறிக்கிறது. இக்காலத்தில் வஞ்சனையை உணர்த்துகிறது. மெட்டிஸ் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவதால், தக்க விளக்கத்துடன் ‘சூழ்ச்சி’யைக் கையாளுதல் மூலத்திற்கு நெருக்கமாக அமையும்.

முடிவுரை

அத்தீனாவின் அறிவு உலகியல் சார்ந்தது, வெற்றியை நோக்கியது. நெசவுத்தறி, போர்க்களம், நீதிமன்றம் ஆகிய மூன்றிலும் இயங்குவது அதுவே. அயல் தொன்மங்களைத் தமிழாக்குவோர் மூலப்பண்பாட்டில் ஒரு சொல் தாங்கும் ஒழுக்க மதிப்பையும் ஆராய்தல் இன்றியமையாதது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.