குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையுமா?

ஆபத்தான முறையில் வாகனமோட்டி ஒருவரைப் படுகாயப்படுத்துவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. கூடிய தண்டனை 5 வருடச் சிறை.

வழக்கு முதலில் எடுக்கப்படும்போதே சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றிலொன்று கழியும். பிந்தினால் கூடியது கால்வாசி; விளக்கம் தொடங்கும் நாளன்று வெறும் பத்திலொன்று. 30 மாதத் தண்டனையென்றால் முந்திச் சொன்னவருக்கு 20 மாதம், கடைசி நாளில் சொன்னவருக்கு 27.

மனம் வருந்தியதற்கான சலுகை இதுவென்றுதான் பலரும் நினைக்கிறோம். வருத்தத்தை நீதிபதி வேறாக எடைபோடுவார். கமராவில் எல்லாம் பதிந்திருந்து, மறுக்கவே வழியில்லாதபோதும் இந்தக் கழிவு குறையாது. கால் முறிந்து படுத்திருப்பவருக்கு ஆத்திரம் வரத்தானே செய்யும்! ஆனால் சாட்சிக் கூண்டேறி அந்த நாளைத் திரும்பச் சொல்லும் வேதனையும், குறுக்கு விசாரணையும் அவருக்கு மிச்சமாகின்றன. சாட்சிகளின் அலைச்சலும் நீதிமன்ற நேரமும் அப்படித்தான். பிந்தப் பிந்த இந்த மிச்சம் குறைவதால்தான் கழிவும் குறைகிறது. வாகனமோட்டத் தடை விதித்தால் அந்தக் காலத்தில் இதற்காக ஒரு நாளும் கழியாது.

ஒப்புக்கொள்ளும்படி எவரையும் நெருக்கக் கூடாதென்று 2017இல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டி சொல்கிறது. சொன்னாலும், தன் ஓட்டம் 'ஆபத்தானதா', வெறும் கவனயீனமா என்று வாதாட இடமுள்ள சாரதிக்கு அந்த ஏழு மாத வித்தியாசமே ஒரு நெருக்கடிதான்.