ஆபரேஷனுக்குப் பின் தடுமாறும் நினைவு: குடலுக்கும் இதில் பங்கு உண்டா?

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த வாப்பா, இரண்டாம் நாள் மகனைப் பார்த்து "நீங்க யாரு?" என்கிறார். இரவெல்லாம் தூங்காமல் சுவரோடு பேசுகிறார். "என்னவோ பிடிச்சிருக்கு ஹஜ்ரத், வந்து ஓதிப் பாருங்க" என்று நம்மை அழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஓதுவோம், துஆவும் செய்வோம். ஆனால், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். இது மருத்துவம் நன்கறிந்த நிலை.

திடீரென்று வந்து, கூடியும் குறைந்தும் காணப்படும் இந்தக் குழப்பத்தை 'டெலிரியம்' என்கிறார்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் மறதி வேறு வகை. 1998-ல் லான்செட் இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1218 பேரைக் கவனித்தது. இதய ஆபரேஷன் நீங்கலாகப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்கள். ஒரு வாரத்தில் ஏறத்தாழ 26 சதவீதத்தினரிடமும், மூன்று மாதத்தில் 10 சதவீதத்தினரிடமும் நினைவும் சிந்தனையும் குறைந்திருந்தன.

மயக்க மருந்து மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறோம். காயத்தை ஆற்ற உடல் எழுப்பும் எதிர்வினையான அழற்சிக்கும் இதில் பெரும் பங்குண்டு. அதன் ரசாயனங்கள் இரத்தத்தில் பரவி, மூளையின் பாதுகாப்புச் சுவரைத் தளர்த்தி, உள்ளேயும் அழற்சியைத் தூண்டுகின்றன. முதிய மூளை அதைத் தாங்கச் சிரமப்படுகிறது.

குடலுக்கு வருவோம். நாம் உண்ணும் நார்ச்சத்திலிருந்து குடலின் நல்ல கிருமிகள் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவருக்கு அவை பலம். பட்டினி, ஆன்டிபயாடிக், கடும் வலி மருந்துகள் ஆகியவற்றால் இந்தக் கிருமிகளின் சமநிலை குலைகிறது. சுவர் தளர்ந்தால் நச்சு இரத்தத்தில் கசிந்து அழற்சி கூடலாம். ஆனால், இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்த ஆய்வுகளே. எனவே, புரோபயாடிக் மாத்திரைகளை நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நம்மால் முடிந்தவை இவை:

- முன்பே மறதி, தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
- கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் மாட்டிவிடுங்கள்.
- டாக்டர் அனுமதித்ததும் தண்ணீர், உணவு கொடுத்து, நடக்க வையுங்கள்.
- மலச்சிக்கல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருந்தால் உடனே தெரிவியுங்கள்.
- இரவில் தூங்க விடுங்கள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம் வேண்டாம். பழகிய ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

"இப்ப அஸர் நேரம் வாப்பா, நான் உங்க மகன்" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதட்டாதீர்கள். பெரும்பாலோர் சில நாள்களில் தெளிந்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். தெளியாவிட்டால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் மீண்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.