கோட்டைக்குள் ஒரு போட்டி

பாடசாலைச் சுற்றுலா என்றால் பஸ்ஸில் பாட்டு, கடற்கரையில் சோற்றுப் பொதி, மஃரிபுக்குள் வீடு. இம்முறை கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

காலிக் கோட்டை நல்ல களம். குழுவுக்கு ஐந்து மாணவிகள். ஆளுக்கொரு துண்டுக் குறிப்பு. ஐந்தையும் சேர்த்து வாசித்தால்தான் அடுத்த இடம் தெரியும். பழைய வாசலின் உட்புறம் சேவல் பொறித்த ஒல்லாந்தச் சின்னம், ஆண்டு 1669. வெளிப்புறம் பிரித்தானியச் சின்னம். இரண்டையும் வரைந்து வரவேண்டும். பிறகு 1883ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரம், 1939இல் கட்டிய வெளிச்சவீடு.

குழுவின் கடைசிப் பிள்ளை வந்து சேரும்போதுதான் நேரம் குறிக்கப்படும். இந்த ஒரு விதி போதும், முன்னால் போனவள் திரும்பி வந்து தோழியின் பையை வாங்கிக்கொள்வாள்.

மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்குவது நம் வழக்கம். இங்கே இடத்துக்கு இடம் அமீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாயாடிப் பிள்ளையே நாள் முழுக்கக் கட்டளையிடும். பின்வாங்கில் பேசாதிருப்பவள் அப்படியே இருந்துவிடுவாள்.

“பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று சில உம்மாமார் கையொப்பமிடத் தயங்குகிறார்கள். கோட்டைக்குள் வாகனங்கள் ஓடுகின்றன. ஆகவே ஓட்டம் வேண்டாம், நடைதான். மதில் விளிம்பில் ஏறக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆசிரியை நிற்கட்டும். ஆனால் வழி தவறினால் நால்வரோடு கலந்து முடிவெடுக்க, பதினாறு வயதிலும் பழகாதவள் எப்போது பழகுவாள்?

பரிசு கொடுக்குமுன் கால்மணி நேரம் உட்காரவைத்து, எங்கே பிணங்கினோம், யார் சொன்னதைக் கேளாமல் விட்டோம் என்று அவர்களையே பேசவிடுங்கள்.