பந்திக்கு முந்தும் ஊசி

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவிக்கும் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில், சோறு இல்லாமல் கழிந்த வேளையைச் சாப்பிட்ட வேளையாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. அத்தகைய ஊரில் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றே அதன் தட்டிலிருந்து சோற்றை அப்புறப்படுத்தத் துடிக்கும் பாட்டியிடமும், இனி இது எதைத் தின்று வளரும் என்று கலங்கி நிற்கும் தாயிடமும் இருப்பது அன்புதான் என்றாலும், அந்த அன்பு தப்பான வழியில் செல்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பெரியவர்களிடம் நாம் அன்றாடம் பார்க்கும் சர்க்கரை வியாதி வேறு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களைச் சரீரத்தின் தற்காப்புச் சக்தியே பகையென்று கருதி அழித்துவிடுவதால் உண்டாவது இது. மிட்டாய் தின்றதால் வந்ததன்று. பெற்றோர் செய்த குற்றமுமன்று. உள்ளே சுரக்காத இன்சுலினை ஊசி மூலம் ஆயுள் முழுவதும் கொடுத்தாக வேண்டும். ஒரு நாளும் அதை நிறுத்தலாகாது. பத்தியத்தாலோ நாட்டு மருந்தாலோ இதற்கு மாற்று கிடையாது.

இன்சுலின் கிடைக்காத காலத்தில் ஆகாரத்தைக் குறைத்துத்தான் இக்குழந்தைகளின் உயிரைச் சில மாதங்களோ வருஷங்களோ நீட்டித்தார்கள். அமெரிக்கச் சிறுமி எலிசபெத் ஹ்யூஸ் 1922 ஆகஸ்டில் டொரண்டோ நகரில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பாண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது, பதினைந்து வயது நிறையும் தறுவாயிலிருந்த அவளுடைய எடை சுமார் 20 கிலோ. ஊசி கிடைத்தது, வயிறாரச் சாப்பிட்டாள், வளர்ந்து, மணம் புரிந்து, பிள்ளைகளையும் பெற்று 1981 வரை வாழ்ந்தாள். நூறு வருஷங்களுக்கு முன்பே தீர்ந்துபோன பட்டினி வைத்தியத்தை நாம் ஏன் நம் வீட்டில் மறுபடி தொடங்க வேண்டும்?

ஆகவே உணவைப் பறிப்பதல்ல, உணவுக்கு ஏற்ற ஊசியை உரிய நேரத்தில் போடுவதே இதன் சூக்ஷ்மம். சோறும் இட்லியும் வயிற்றில் இறங்கிய கால் மணிக்குள் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். சாதாரண இன்சுலினோ தோலுக்கடியிலிருந்து கிளம்பி வேலை தொடங்கவே அரை மணியாகும், அதன் உச்ச பலம் வருவதற்கு இரண்டு மணிக்கு மேலாகும். எனவே அதைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பும், துரிதமாக வேலை செய்யும் புதிய இன்சுலினைப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பும் போடச் சொல்கிறார்கள். இரத்தச் சர்க்கரை (மி.கி./டெ.லி. கணக்கில்) சாப்பாட்டுக்கு முன் 70-க்குக் குறையாமலும், சாப்பிட்டு இரண்டு மணி கழித்து 180-ஐத் தாண்டாமலும் இருப்பது பொதுவான இலக்கு. யூனிட் கணக்கைக் குழந்தையின் டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

தாய்மார் அறிய வேண்டிய கணக்கு எளிது. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம். தினமும் ஒரே கிண்ணத்தால் அளந்து போட்டாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையில் ஆடி மாதத்துக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடிக்கவிடுவதும் தவறு. மாவாக அரைத்துக் கரைத்த கூழ் வேகமாக ஜீரணமாகிச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதையும் அளந்தே கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. காமராஜர் 1956-இல் தொடங்கி எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய மத்தியான உணவும், 2022 செப்டம்பரில் ஆரம்பமான காலை உணவுத் திட்டமும் நம் நாட்டின் மகத்தான காரியங்கள். இந்தக் குழந்தையை அந்தப் பந்தியிலிருந்து எழுப்புவது நியாயமன்று. ஆனால் வீட்டில் ஊசி போட்டு இட்லி தின்றுவிட்டு வந்த பிள்ளை, சிநேகிதர்களோடு உட்கார்ந்து பள்ளியில் பொங்கலும் சாப்பிட்டால், அந்தப் பொங்கலுக்கு ஊசி ஏது? காலை ஆகாரம் வீட்டிலா பள்ளியிலா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். மத்தியானத்திலோ, மணியடிக்க அரை மணி (துரித இன்சுலினானால் பத்துப் பதினைந்து நிமிஷம்) இருக்கும்போதே பிள்ளை விரல் நுனியில் குத்தி மீட்டரில் பார்த்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடமும் அனுமதியும் வேண்டும். அன்றைக்கு விறகு ஈரமாகவோ காஸ் தீர்ந்தோ உலை கொதிக்கத் தாமதமானால், அதைச் சத்துணவு ஆயா வகுப்புக்கு வந்து சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் சோறு வராவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் மருந்துகள் சேர்ந்த கலவை இன்சுலினைக் காலையிலும் இரவிலும் மட்டும் போடும் குழந்தைக்கும் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. காலை மருந்து அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும்.

வியர்வை, நடுக்கம், திடீர்க் கோபம், பேந்தப் பேந்த விழித்தல்: இவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து (சின்னக் குழந்தைக்கு இன்னும் குறைவாக), கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளுக்கும் வழியுண்டு. பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, இன்சுலின் குப்பியைத் தண்ணீர் படாமல் உள்ளே வைக்கலாம். 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரங்கள் இன்சுலின் வீரியம் கெடுவதில்லை என்று, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது.

இந்தச் சர்க்கரை வியாதியுள்ள மாணவர்கள் வகுப்பிலேயே சோதித்துக்கொள்ளவும், ஊசி போடவும், சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்க வேண்டுமென்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படியொரு குழந்தை இருக்குமானால், தலைமையாசிரியரையும் சத்துணவு அமைப்பாளரையும் பெற்றோரோடு ஒரு நாள் உட்காரவைத்து, ஊசி எப்போது, சோறு எப்போது, மேஜை இழுப்பறையில் சர்க்கரைப் பொட்டலம் எங்கே என்று பேசி முடிவு செய்யுங்கள்.