சுக்கானும் திறவுகோலும்

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே நெடுஞ்சாலைமேல் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இவ்வூர் வழியே இரவும் பகலும் மோட்டார் வண்டிகள் செல்கின்றன. அவற்றைச் செலுத்துவோர் பலர் சுக்கான் சக்கரத்தை ஒரு கையால் எளிதிற் சுழற்றுகின்றனர். அவ்வெளிமை எதனால் வருகின்றது, எப்பொழுது நீங்கும் என்பவற்றை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் திருவண்ணாமலை மாடவீதிகளில் தேர் உலா வருங்கால், வடம் பிடிப்போர் அதனை இழுப்பர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் அதனைத் திருப்புவர், நிறுத்துவர். அங்கு ஒரு கட்டையே இரு தொழிலும் புரிகின்றது. மோட்டார் வண்டியிலோ, திருப்புதற்குத் துணைசெய்யும் கருவி வேறு. திரும்பவொட்டாது தடுக்கும் கருவி வேறு. முன்னது பவர் ஸ்டியரிங். பின்னது ஸ்டியரிங் பூட்டு.

1926-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை வண்டியிற் பொருத்திக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் அதனை விற்பனைக் கார்களில் அமைத்தது. இம்முறையில் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். நாம் சக்கரத்தைத் திருப்புங்கால் தண்டிலுள்ள மெல்லிய கம்பி சிறிது முறுகும்; அம்முறுக்கம் வால்வைத் திறக்க, எண்ணெய் பாய்ந்து முன்சக்கரங்களைத் தள்ளும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் எண்ணெய்க்கு மாறாக மின்மோட்டார் அத்தொழிலைச் செய்கின்றது. மெல்லச் செல்லுங்கால் மிகுதியாகவும் விரைந்து செல்லுங்கால் குறைவாகவும் துணைபுரிகின்றது.

எவ்வகையாயினும், இது துணையே. சாதாரணக் கார்களில் சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே இரும்புத் தண்டின் தொடர்பு அறாது நிற்கின்றது. ஆதலின் துணை நின்றுவிடினும் சுக்கான் கனக்குமேயன்றிக் கைவிடாது.

பூட்டின் தன்மை வேறு. திறவுகோலைப் பின்னே திருப்பி வெளியே எடுத்தவுடன், வில்லால் உந்தப்படும் எஃகுத் தாழ் ஒன்று சுக்கான் தண்டின் பள்ளத்தில் விழும். பின்னர்ச் சக்கரம் அசையாது. இது கள்வரைத் தடுக்க வந்த காவல். காலையில் திறவுகோல் திரும்ப மறுப்பின் வலிந்து திருகலாகாது. சக்கரத்தை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே திருப்பின் தாழ் விலகும்.

14 கொண்டையூசி வளைவுகளையுடைய ஏலகிரிச் சாலை போன்ற இறக்கங்களில், எண்ணெய்ச் செலவைக் குறைக்க விரும்பி எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுவோர் உளர். இது பெருந்தீங்கு. சுக்கான் கனக்கும், இரண்டொரு முறை மிதித்தபின் பிரேக்கும் கடினமாகும், திறவுகோலையும் எடுத்துவிடின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னர் வளைவில் திரும்ப வழியில்லை.

திறவுகோல் தானே நழுவினும் கேடு உண்டு. 2014-இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓடும்போதே சுவிட்சு நழுவி எஞ்சின் நிற்கும் குறைக்காக ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அக்குறையால் நேர்ந்தனவாக 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்க ஏற்கப்பட்டது. சாவிக்கொத்தின் பாரமும் அந்நழுவலுக்கு ஒரு காரணமாயிருந்தது.

ஆகவே, ஓடும் வழியில் எஞ்சின் நின்றுவிடின், திறவுகோலை எடாது, இரு கைகளாலும் சக்கரத்தை உறுதியாகப் பற்றி, பிரேக்கை விட்டு விட்டு மிதியாது ஒரே சீராய் அழுத்தி, சாலையோரம் ஒதுங்குக. வண்டி முற்றும் நின்றபின்னரே திறவுகோலைத் தொடுக. இவ்வொரு நெறியை நினைவிற் கொள்வோர் தம்முயிரையும் எதிர்வருவார் உயிரையும் காப்பர்.