சடுகுடு உலக அரங்கேறிய கதை

பெய்ஜிங்கில் 1990-ஆம் ஆண்டு நடைபெற்ற 11-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கப் பதக்கம் ஒன்றே ஒன்றுதான். ஹாக்கியிலோ தடகளத்திலோ மல்யுத்தத்திலோ கிடைக்காத அந்தத் தங்கம், ஆசிய விளையாட்டில் அதற்குமுன் பதக்கத்துக்காக ஆடப்பட்டிராத கபடியில் கிடைத்தது. வங்கதேசம் வெள்ளியும் பாகிஸ்தான் வெண்கலமும் பெற்றன. தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் பல தலைமுறைகளாகச் சடுகுடு என்ற பெயரில் களத்துமேட்டிலும் கோயில் திடலிலும் ஆடப்பட்டு வந்த ஓர் ஆட்டம், சாதனம் ஏதும் வேண்டாத காரணத்தாலேயே ஏழைகளின் பொழுதுபோக்காக எண்ணப்பட்டுவந்த ஓர் ஆட்டம், ஒரு நாட்டின் மானத்தைக் காத்த அந்த நிகழ்வுக்கு உரிய இடம் நம் விளையாட்டு வரலாற்றில் இன்னும் அளிக்கப்படவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு எளிதாகத் தோன்றினாலும் அதன் உள்கணக்கு நுட்பமானது. ஆடவருக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரிக்க, பக்கத்துக்கு எழுவர் நிற்பர். ஓர் அணியிலிருந்து ஒருவர் ‘கபடி, கபடி’ என்று மூச்சுவிடாமல் பாடியபடி எதிர்ப்பக்கம் நுழைந்து, 30 வினாடிக்குள் எவரையேனும் தொட்டுவிட்டுத் தம் பக்கம் திரும்பினால் தொடப்பட்டவர் வெளியேறுவார். பாடிச் சென்றவர் மடக்கிப் பிடிக்கப்பட்டாலோ பாட்டு அறுந்தாலோ அவர் வெளியேறுவார். ஓர் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும், வெளியே அமர்ந்திருக்கும் தன் ஆட்டக்காரர் ஒருவரைக் களத்துக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்ற விதிதான் ஆட்டத்தின் உயிர்நாடி. வீழ்ந்தவர் மீண்டு வருவதற்கு இடம் தருவதால்தான் கடைசி நிமிடம்வரை எந்த அணியும் நம்பிக்கை இழப்பதில்லை.

இந்த விதி எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சஞ்சீவனி என்று சொல்லப்பட்ட வகையில் வெளியேறியவர் திரும்ப வரலாம். காமினி வகையில் தன் அணியினர் அனைவரும் வெளியேறும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும். அமர் வகையில் தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை, புள்ளி மட்டும் சேரும். தமிழகத்துச் சடுகுடு, வங்கத்து ஹா-டு-டு, மராட்டியத்து ஹு-டு-டு என்று வட்டாரத்துக்கு ஒரு பாட்டும் ஒரு வழக்கமுமாகப் பிரிந்து கிடந்தவற்றை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரும் வேலை 1920-களில் மேற்கிந்தியாவில் தொடங்கியது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் இந்த ஆட்டத்தை அங்கே காட்சிக்காக ஆடிக் காட்டினர். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாயிற்று. சஞ்சீவனி வகையே தேசிய விதிகளுக்கு அடிப்படையாயிற்று.

தேசிய அணி என்ற ஒன்று நாட்டின் எல்லையைத் தாண்டி ஆடியது 1974-இல்தான். போரின் காயம் ஆறாத வங்கதேசத்துக்குச் சென்ற இந்திய ஆடவர் அணி அங்கே வெவ்வேறு ஊர்களில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களை ஆடியது. 1978-இல் ஆசியக் கூட்டமைப்பு அமைந்தது, 1980-இல் கல்கத்தாவில் முதல் ஆசியச் சாம்பியன் போட்டி நடந்தது, 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. பெர்லினில் காட்சிக்காக ஆடப்பட்ட நாளிலிருந்து பெய்ஜிங்கில் பதக்கத்துக்காக ஆடப்பட்ட நாள்வரை 54 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே 1990-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேறொரு மண்ணின் ஆட்டமும் அரங்கேறியது. நுனியில் வலைப்பை கட்டிய கோலால் சிறு ரப்பர் பந்தைப் பிடித்தும் எறிந்தும் ஆடும் லக்ராஸ், வட அமெரிக்கத் தொல்குடியினர் கடவுளுக்குரிய ஆட்டமாகப் போற்றி வளர்த்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் வாழும் ஹோடெனோஷோனி என்னும் ஆறு தொல்குடிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்களிடமிருந்து குடியேறியோர் அதைக் கற்றுக்கொண்டு, 19-ஆம் நூற்றாண்டில் விதிகள் வகுத்து, பின்னர் கற்றுக்கொடுத்தவர்களையே போட்டிகளிலிருந்து ஒதுக்கிவைத்தனர். 1983-இல் தங்களுக்கென ஓர் அணியை அமைத்துக்கொண்ட அம்மக்கள், பெர்த் உலகச் சாம்பியன் போட்டியில்தான் முதன்முறையாகத் தங்கள் கொடியின்கீழ் களமிறங்கினர். பங்கேற்ற ஐந்து அணிகளில் அவர்களுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆயினும் அந்த அரங்கேற்றத்தைத் தோல்வியென்று எவரேனும் சொன்னால் அவர் ஆட்டக்கணக்கை மட்டும் பார்த்தவராவார். இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறு: தன் ஆட்டம் தன்னிடமே இருந்தது, வெற்றியும் எளிதில் வந்தது, அதை உலகம் ஏற்பதற்குத்தான் காலம் பிடித்தது.

காவிரிப் படுகையில் கபடி இவ்வளவு வேரூன்றியதற்கு வேளாண்மைக் காலக்கணக்கு ஒரு முக்கியக் காரணம். மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். குறுவை, சம்பா, தாளடி என்று வயல் ஓய்வில்லாமல் உழைத்து, தை மாதம் சம்பா அறுவடையாகிக் கையில் நாலு காசு புழங்கும்போது, உளுந்தும் பயறும் தெளித்தது போக எஞ்சிய தரிசிலும் திடலிலும் ஆடுகளங்கள் முளைக்கும். வண்டல் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் காலைக் கிழிக்கும் என்பதால், இடத்தைக் கொத்திக் கட்டி உடைத்து, கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கி, ஆற்று மணலைக் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் கோடு போடும் வேலையை ஊர் இளைஞர்களே செய்வார்கள். மாலையில் விளக்குக் கம்பங்கள் எரியத் தொடங்கியதும் மின்னொளிக் கபடி ஆரம்பமாகும். 55 கிலோ, 65 கிலோ என்று எடை வரம்பு அச்சிட்ட சுவரொட்டியைப் பார்த்துப் பல ஊர்களிலிருந்து வேன் பிடித்து வரும் அணிகள் விடியும்வரை ஆடும். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவர் ஆட்டக்காரரின் பெயரோடு அவருடைய ஊர்ப் பெயரையும் சேர்த்தே சொல்வார். எந்தப் பயிற்சி நிலையமும் கற்றுத்தர முடியாத ஒன்றை, அதாவது தன்னைவிட வலுத்தவரின் பிடியிலிருந்து ஆயிரம் பேர் முன்னிலையில் நழுவும் துணிவை, இந்த இரவுகள் கற்றுத்தந்தன.

இப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர் தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். தடுப்பாட்டத்தில் தேர்ந்த அவர், 2016-இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 41. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஓய்வுபெற்றுவிடும் வயது அது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 32-34 என்று தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது. தென் மாவட்டத்து மணத்தி கணேசனும் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’ திரைப்படம் 2025 அக்டோபரில் வெளியானது.

அந்த அக்டோபரிலேயே இன்னோர் அரங்கேற்றமும் நிகழ்ந்தது. பஹ்ரைனில் நடந்த மூன்றாவது ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி முதன்முறையாகச் சேர்க்கப்பட, இந்தியச் சிறுவர் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸும், சிறுமியர் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இடம்பெற்றனர். இரு அணிகளும் தங்கம் வென்றன. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. தஞ்சையிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ள வடுவூரை வெளியூர்க்காரர்கள் கோதண்டராமர் கோயிலுக்காகவும் பறவைகள் வந்து தங்கும் ஏரிக்காகவும் அறிவார்கள். சுற்றுவட்டாரத்தில் அது கபடிக்குப் பெயர்பெற்ற ஊர்.

ஆனால் மண்ணில் கற்றவர் உலக அரங்கில் ஆடுவது மண்ணில் அன்று. இன்றைய பன்னாட்டு ஆட்டங்கள் செயற்கை விரிப்பில், காலணியோடு நடப்பவை. மணலில் வெறுங்காலின் விரல்கள் புதைந்து பிடிமானம் தேடும். விரிப்பிலோ கால் உடனே பற்றிக்கொள்வதால் திரும்பும் வேகம் கூடுகிறது, முழங்கால்மீது சுமையும் கூடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பழகச் சிறு வயதிலேயே விரிப்பு கிடைக்க வேண்டும். ஆனால் அதன் விலை ஒரு சிற்றூர்க் குழுவின் கைக்கு எட்டுவதன்று. திறமை ஊரில் இருக்க, விரிப்பு மாவட்டத் தலைநகரில் இருப்பது நியாயமான ஏற்பாடு ஆகாது. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொலைவு இரட்டிப்பாகிறது; மின்னொளித் திடலில் விடிய விடிய ஆடும் வாய்ப்பு அண்ணன் தம்பிமாருக்குக் கிடைத்த அளவுக்கு அவர்களுக்குக் கிடைத்ததில்லை என்பதால், பள்ளிக்கூட மைதானமே பெரும்பாலும் அவர்களுடைய ஒரே களம்.

பெய்ஜிங்கில் தொடங்கிய தங்க வரிசை 2014 வரை ஏழு போட்டிகளுக்கு அறுபடாமல் நீண்டு, 2018-இல் ஜகார்த்தாவில் முறிந்தது. பிரிவு ஆட்டத்தில் தென் கொரியா 24-23 என்றும், அரையிறுதியில் ஈரான் 27-18 என்றும் இந்திய ஆடவரை வென்றன; மகளிர் இறுதியிலும் ஈரானே வென்றது. அந்த ஈரானிய மகளிருக்குப் பயிற்சி அளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். இந்தியாவில் அன்று வருத்தப்பட்டவர்கள் பலர். ஆனால் ஓர் ஆட்டத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்த நாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று எது? 2025-இல் பஹ்ரைனில் வடுவூர்ச் சிறுவர் இடம்பெற்ற அணி இறுதியில் சந்தித்ததும் ஈரானைத்தான். இந்தியா 35-32 என்று, மூன்றே புள்ளி வேறுபாட்டில் வென்றது.